குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் மன்னார்குடியில் இருக்கிறோம். நேற்று ராத்திரி மழையில் எங்கள் வாசல் சாக்கடை ஓரம் ஒரு பூனைக்குட்டி நனைந்து கிடந்தது. தாயைக் காணோம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஒரு கண் பாதி திறந்திருக்கிறது, இன்னொன்று பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்துவிட்டு உடனே இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தேன். பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கத்தியது. விடிந்ததிலிருந்து சத்தமே இல்லை, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வருகிறது. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போன மாதிரியும் தெரியவில்லை. பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தால் செரிக்கும் என்கிறார் என் அத்தை. என் பையன் அட்டைப்பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறான். இதைக் காப்பாற்ற முடியுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த உடனே அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். இந்த மாதிரிக் கேள்விக்கு இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது. அன்றைக்கு அவசரத்தில் செய்ய வேண்டியதை மட்டும் சொன்னேன், ஏன் எதற்கு என்று சொல்ல நேரமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் சேர்த்து இப்போது விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது பால் மூக்கில் வந்தது கூட இல்லை. 'விடிந்ததிலிருந்து சத்தமே இல்லை' என்ற வரிதான். குட்டி அமைதியாகிவிட்டது, தூங்குகிறது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கத்துகிற குட்டிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். பசியில் கத்திக்கொண்டிருந்த குட்டி வயிறு நிறையாமலே கத்துவதை நிறுத்தினால், உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது.

நான் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். சுண்டுவிரலைக் கழுவித் துடைத்து அதன் வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஜில்லுனு இருக்கு டாக்டர்" என்றீர்கள். "சப்புகிறதா?" "இல்லை." அவ்வளவு போதும் எனக்கு. வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய இடம் அது. அங்கேயே குளிர் தட்டினால் உள்ளே குடலும் குளிர்ந்து நின்றுபோயிருக்கும்.

பிறந்து மூன்று வாரம் வரை பூனைக்குட்டியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கொண்டுதான் சூடு பெறும். தனியாக, அதுவும் நனைந்து கிடந்தால் சீக்கிரமே உடம்பு குளிர்ந்துவிடும். உங்கள் குட்டியின் வயதுக்கு உடல் வெப்பம் ஏறக்குறைய 97, 98 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 95-க்குக் கீழே போனால் குடல் அசைவது நின்றுவிடும். அந்த நேரத்தில் உள்ளே போகிற பால் செரிக்காது, வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும். விழுங்கும் தெம்பும் இல்லாததால் கொஞ்சம் நுரையீரலுக்குள்ளும் போகும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பட்டினியாகக் கிடக்கும் ஒரு உயிரைப் பார்த்ததும் பாலைத் தேடுவதுதான் மனித இயல்பு.

நானும் அதைச் செய்தவன்தான். படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பள்ளிக்கூடப் பையன் சட்டைப் பைக்குள் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். அவன் கண்ணில் தண்ணீர். நான் படித்தது எல்லாம் எங்கே போனதோ, அவனுக்கு எதிரிலேயே சிரிஞ்சில் பாலை எடுத்து மூன்று மில்லி புகட்டினேன். அரை மணி நேரத்தில் மூச்சு இரைத்து என் கையிலேயே போய்விட்டது. அவன் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எந்தக் குட்டி வந்தாலும் என் விரல் முதலில் அதன் வாய்க்குள்தான் போகும்.

எனவே வரிசை இதுதான்: முதலில் சூடு, அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம்தான் பால். இதை மாற்றவே கூடாது.

சூடு கொடுப்பதற்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு உங்கள் உடம்போடு, புடவைக்குள் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பாதுகாப்பான சூடு இல்லை. இதற்குள் யாராவது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றித் தரட்டும். அட்டைப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, பாட்டிலை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டாமா? நகரத் தெம்பில்லாத குட்டி என்றால் பாட்டிலின் மேலேயே படுக்க வைக்காதீர்கள், வெந்துபோகும்.

இன்னொன்று. பாட்டில் ஆறியதும் அது சூடு கொடுப்பதை நிறுத்துவதோடு நிற்காது, குட்டியின் சூட்டையே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு வைத்த பாட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் பச்சைத் தண்ணீராகியிருக்கும். அலாரம் வைத்து எழுந்து மாற்றுங்கள்.

அவசரப்பட்டுச் சூடேற்றவும் கூடாது. அடுப்புப் பக்கத்தில் காட்டுவது, வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடிப்பது எல்லாம் ஆபத்து. தோல் மட்டும் சட்டென்று சூடானால் உள்ளிருக்கும் ரத்தம் தோலுக்கு ஓடிவந்து இதயம் தடுமாறும். ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள்.

சூடேறிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை. இவ்வளவு சிறிய குட்டியின் ஈரலில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, துவண்டு, சில சமயம் வலிப்பு கூட வரும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை நாலைந்து ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவுங்கள். வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும். ஈறே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும்.

வாய்க்குள் விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், குட்டி தலையைத் தூக்கித் தேட வேண்டும், விரலைச் சப்ப வேண்டும். இந்த மூன்றும் வந்த பிறகுதான் பால். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் நுனியில் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள், 96-க்கு மேல் வரட்டும்.

அன்றைக்கு உங்களோடு பேசும்போது இன்னொரு வேலையும் செய்யச் சொன்னேன். மூன்று வாரம் ஆகாத குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது. தாய் பின்பக்கத்தை நக்கிவிட்டால்தான் வரும். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வாலுக்கடியில் பூ மாதிரி ஒற்றி ஒற்றித் தேய்க்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செய்தீர்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உங்கள் பையன்தான் முதலில் கத்தினான்: "அம்மா, பஞ்சு மஞ்சளாகுது!" உப்பிய வயிற்றில் பாதி அந்தச் சிறுநீர்ப்பைதான். நிற்கும்வரை தேய்க்கச் சொன்னேன், நாலு பஞ்சு மாற்றினீர்கள். ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் முன்போ பின்போ இதைச் செய்தே ஆக வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர்த்தியான மஞ்சளாக வந்தால் உடம்பில் நீர் போதவில்லை. மலம் ஒவ்வொரு வேளையும் வராது, நாளைக்கு ஒன்றிரண்டு தடவை வந்தால் போதும்.

சரி, பாலுக்கு வருவோம். உங்கள் அத்தை சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. பசும்பால் அந்தக் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார், அது சரிதான். ஆனால் தண்ணீர் கலப்பது அதற்கு மருந்தில்லை. தாய்ப்பூனையின் பாலில் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது, கொழுப்பும் அதிகம். பசும்பாலில் அந்தச் சத்துக் குறைவு, அதோடு ஒப்பிட்டால் லாக்டோஸ் எனப்படும் பால்சர்க்கரை அதிகம். அந்தச் சர்க்கரை செரிக்காமல்தான் பேதியாகிறது. தண்ணீர் கலந்தால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் சத்தும் பாதியாகிவிடும். வயிறு நிறையும், குட்டி இளைக்கும். எங்கள் வீட்டுப் பூனைகள் எல்லாம் பசும்பாலில்தானே வளர்ந்தன என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அவை பல் முளைத்து, மீன் தலையும் பல்லியும் தின்னத் தொடங்கிய பிறகு தட்டில் பால் குடித்தவை. கண் திறக்காத குட்டியின் கதை வேறு.

வளர்ப்புப் பிராணிகள் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. கே.எம்.ஆர். என்ற டப்பா பலருக்குத் தெரிந்தது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கேட்டுப் பாருங்கள், ஆன்லைனிலும் வாங்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படிதான் கலக்க வேண்டும். சத்து ஏறட்டும் என்று கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கல் வரும். அது கைக்கு வரும்வரை, ஒரு ராத்திரி சமாளிக்க, லாக்டோஸ் இல்லாத பாலோ காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பாலோ தண்ணீர் கலக்காமல் கொடுக்கலாம். இது ஒரு நாள் வழிதான், ஒரு வாரத்துக்கு நீட்டாதீர்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரும் இதற்குப் போதாது.

எவ்வளவு என்றால், அதை எடைதான் சொல்லும். மளிகைக் கடைத் தராசில் சம்புடத்தோடு வைத்து நிறுத்தீர்கள், 140 கிராம் என்று சொன்னீர்கள். பூனைக்குட்டி பிறக்கும்போது 100 கிராம் சுமாருக்கு இருக்கும், நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறும். கண் திறப்பது ஏழிலிருந்து பத்து நாளில். பாதிக் கண் திறந்த குட்டி 140 கிராம் என்றால் சில நாளாகவே சரியாகப் பால் கிடைக்கவில்லை. இதன் வயிறு ஒரு வேளைக்கு ஐந்து மில்லி தாங்கும், ஆறைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு வேளை, ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூன்று மில்லி மட்டும். ஒத்துக்கொண்டால் முழுப் பாலாக ஐந்து மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. எடை ஏறினால் அளவும் ஏறும். பால் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது.

இங்க் ஃபில்லரை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை ஒரு அழுத்து அழுத்தினால் எவ்வளவு வரும் என்று நம் கைக்கே தெரியாது. ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் மருந்துக்கடையில் கிடைக்கும். குட்டியை மடியில் துண்டு விரித்துக் குப்புறப் படுக்க வையுங்கள், தாயிடம் குடிக்கும்போது எப்படிப் படுத்திருக்குமோ அப்படி. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். தலையை அண்ணாத்தவும் வேண்டாம். சிரிஞ்ச் நுனியை வாயின் ஓரத்தில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. ஐந்து மில்லி போக பத்து நிமிஷம் ஆகட்டுமே. காது லேசாக ஆட ஆட, முன்னங்கால் இரண்டும் உங்கள் விரலை மாற்றி மாற்றி அமுக்கினால், சரியாகக் குடிக்கிறது என்று அர்த்தம். மூக்கில் பால் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். அந்த வேளை அவ்வளவுதான்.

பால் மூக்கில் வந்த குட்டியை ஒன்றிரண்டு நாள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். மூச்சில் கர்கர் சத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுவது, ஈறு நீலம் பாரிப்பது, இதில் எது தெரிந்தாலும் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அன்று மதியமே உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது நல்ல காரியம். தோலுக்கடியில் சலைனும், நுரையீரலுக்கு ஆன்டிபயாடிக்கும் அங்கே கொடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது. மூச்சு மோசமானால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். சென்னை வாசகர்களுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

ஒட்டிய கண்ணை விரலால் பிரிக்காதீர்கள். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பீளை ஊறும்வரை வைத்திருந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள். உள்ளே சீழ் தேங்கினால் கண்ணே போய்விடும், அதனால் தினம் மூன்று நாலு தடவை செய்ய வேண்டும். மருந்து டாக்டர் கொடுத்தது மட்டும். யாருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

தெள்ளுப்பூச்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு சிறிய உடம்பில் அது குடிக்கிற ரத்தமே உயிரைக் குடித்துவிடும். முடிக்குள் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகத் தெரிந்தால், அதைத் தட்டி ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், செரித்த ரத்தம். ஈறு வெளுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு சூடாக இருக்கும்போது பேன் சீப்பால் வாரி, வருகிற பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடலாம். நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். கற்பூரம், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் சொட்டு கொடுத்துப் பூனைகள் இறந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தைச் செரிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது.

தாய் திரும்ப வருமா என்று உங்கள் பையன் கேட்டான். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள், மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் தூக்கிப்போகும். காய்ந்த இடத்தில், வயிறு நிறைந்து, சூடாகத் தூங்கும் குட்டியைப் பார்த்தால் தூர நின்று சில மணி நேரம் காத்திருக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. ஆனால் மழையில் நனைந்து துவண்ட குட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், தாயிடமிருந்து யாரும் பிரிக்கவில்லை, எடுத்தது சரிதான். தொட்டுவிட்டு அவன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், குட்டிகளிடமிருந்து படர்தாமரை ஒட்டும். நகமோ பல்லோ பட்டு ரத்தம் வந்தால் கால் மணி நேரம் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

காப்பாற்ற முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சூடு, பால், மருந்து எல்லாம் சரியாகக் கொடுத்தும் சில குட்டிகள் முதல் இரண்டு வாரத்தில் போய்விடுகின்றன. பிறவிக் குறையோ, தாயின் சீம்பால் கிடைக்காததோ, ஏற்கெனவே தொற்றிய நோயோ காரணமாக இருக்கலாம். வீட்டில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உங்கள் பையன் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை இப்போதே எழுதுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் அனுப்பிய கணக்கு எனக்குச் சந்தோஷம் தந்தது. முதல் நாள் 140, இரண்டாம் நாள் 138, மூன்றாம் நாள் 145, ஐந்தாம் நாள் 165. இரண்டாம் நாள் இறங்கியதைப் பார்த்துப் பயந்தீர்கள், அது வயிற்றில் தேங்கியிருந்தது வெளியேறிய எடை. இனிமேல் ஒரு நாள் ஏறாமல் நின்றாலே எனக்குக் கூப்பிடுங்கள். இப்போதைய எடைக்கு ஒரு வேளைக்கு ஆறு, ஆறரை மில்லி கொடுக்கலாம். குடல் புழு மருந்தை மூன்றாவது வாரத்தில், எடை பார்த்து, டாக்டர் கையால். தட்டில் சாப்பாடு வைப்பதை எல்லாம் நாலு வாரம் ஆன பிறகு பேசிக்கொள்வோம்.

காலையில் முதல் வேளைப் பாலுக்கு முன்னால் நிறுத்துப் பாருங்கள், தினமும் அதே நேரம், அதே சம்புடம். சம்புடத்தின் எடையைக் கழித்துத்தான் எழுதுகிறானா என்று தம்பியிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.